கடலுக்கும் பட்டம் உண்டு

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்க்கிறபோது நம் உழவர் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். 'இந்த வருஷம் இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் போய்க் கலந்துவிட்டது.' நாளிதழ்களும் அப்படியே எழுதுகின்றன. கேட்கிறவர்களும் 'ஆமாம், அநியாயம்' என்று தலையாட்டுகிறோம்.

நான் காவிரியின் கடைமடையில், திருத்துறைப்பூண்டி பக்கம், மூன்று ஏக்கரில் பாரம்பரிய நெல் போடுகிறவன். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் மண்வெட்டி பிடித்தவன். தண்ணீர் வராத கஷ்டத்தைக் கடைமடைக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருந்தாலும் அந்த 'வீணாக' என்ற ஒரு சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடு கிடையாது. பணியில் இருந்த காலத்தில் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கிளை ஒன்றில் நாலு வருஷம் இருந்தேன். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மீனவர்கள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் சொல்லிக் கொடுத்தது. மீதி, பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

அந்த நாலு வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நமக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் இருப்பதுபோல் கடலுக்கும் பட்டம் இருக்கிறது. அந்தப் பட்டத்தை நடத்துகிற சக்திகளில் நம் ஆற்றுத் தண்ணீரும் ஒன்று.

தென்கடல், வடகடல்

இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. அங்குள்ளவர்களுக்கு அவை தென்கடல், வடகடல். தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்கடல் ஆழமானது, அலை அதிகம். தூத்துக்குடி வரை வரிசையாக 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். வடகடலில் ஆழம் குறைவு, பெரும்பாலும் எட்டு பாகத்துக்குள். ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், ஏறக்குறைய ஆறு அடி. வெளிச்சம் அடிவரைக்கும் போவதால் வடகடலின் தரையில் கடற்புல் வளர்கிறது. நம் ஊர் மேய்ச்சல் நிலம் மாதிரிதான். அதை மேய்கிற கடல்பசுவுக்காகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகம் என்று அறிவித்தது.

வைகாசிக் கடைசியில் தென்மேற்கில் இருந்து கச்சான் காற்று எழும்பும். தென்கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் தீவும் கரையும் காற்றைத் தடுப்பதால் வடகடல் அடங்கிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் வடகடலில் தொழில் செய்வார்கள். ஐப்பசியில் வாடை பிறந்ததும் கதை திரும்பும். வடகடல் சீறும், தென்கடல் தணியும். படகுகள் பாம்பன் கால்வாயைத் தாண்டித் தெற்கே வந்துவிடும்.

எங்கள் கிளையில் கடன் விண்ணப்பத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருந்தது. படகு எஞ்சின் கடனுக்கு வந்த ஒரு பெரியவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மாச வருமானம்னு ஒண்ணு எங்களுக்கு ஏது சார்? கடல்ல எங்களுக்கு ரெண்டு வெள்ளாமை. கச்சான்ல வடகடல், வாடையில தென்கடல். காத்து மாறுற நாள்ல சில சமயம் ரெண்டுலயும் போக முடியாது. அன்னைக்கு வலையப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருப்போம். இதுல எந்த மாசத்த எழுதுவீங்க?"

விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுத்தால் அறுவடையைக் கணக்கில் வைத்துத் தவணை போடுவது வங்கியில் வழக்கம். மீனவருக்கோ மாதாமாதம் தவணை. காற்று அடைத்திருக்கிற மாதத்திலும் கட்ட வேண்டும். படிவத்தை அச்சடித்தவர்கள் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்து அச்சடித்திருக்கிறார்கள். கடலில் விளைச்சல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் காலம் இருக்கிறது என்பதை மேலிடத்தில் யாரும் யோசிக்கவில்லை. 'வீணாகப் போகும் தண்ணீர்' என்கிற பேச்சும் அதே யோசனைக் குறைவில் இருந்து வருவதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நிலா வைக்கிற முறை

வளர்பிறையில் விதைக்கலாமா, தேய்பிறையில் விதைக்கலாமா என்று நமக்குள்ளே வாதம் உண்டு. கடலில் இந்த வாதத்துக்கே இடமில்லை. நிலா என்ன செய்கிறது என்பதைக் கரையில் ஒரு குச்சியை நட்டு வைத்தே அளந்துவிடலாம்.

நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் நடுவில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிஷம். அதனால் இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு ஏறிய நீர் நாளைக்கு ஆறே முக்காலைத் தாண்டி ஏறும். தினம் 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இழுப்பதால் நீர் சோம்பிக் கிடக்கும்.

இதெல்லாம் மீன்பிடிக்கிறவருக்கு எதற்கு? நீர் ஏறும்போது மீன் கழிமுகத்துக்குள்ளும் கரையோரத்துக்கும் இரை தேடி வரும். வற்றும்போது திரும்பும். கழிமுகத்தில் வலை கட்டுகிறவர் இந்தப் போக்குவரத்தைப் பார்த்துத்தான் வலையின் வாயை வைப்பார். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் மீனவர்கள் கையால் வெட்டிய வாய்க்கால்கள் இருக்கின்றன. நீர் ஏறும்போது மீன் வாய்க்காலில் ஏறும், இறங்கும்போது பிடித்துக்கொள்வார்கள். அந்த வாய்க்கால் வழியாகக் கடல்நீர் போய் வருவதால் கரையில் அலையாத்திச் செடியும் தழைக்கிறது. நாம் பாசனத்துக்கு வாய்க்கால் வெட்டுகிறோம். அவர்கள் மீனுக்கு வெட்டியிருக்கிறார்கள். மடையைத் திறந்து மூடுகிற வேலையை நிலா பார்த்துக்கொள்கிறது.

வலைக்கும் இருட்டுக்கும் தொடர்பு உண்டு. நிலா காய்கிற இரவில் மீன் வலையைப் பார்த்து ஒதுங்கிவிடும். அதனால் செவுள்வலைக்காரர்கள் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளை விரும்புவதில்லை.

நாம் வாங்கித் தெளிக்கிற கடற்பாசிச் சாறு பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில் தலைமுறையாக இயற்கைப் பாசி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள். பாசி குறைந்துவருவதைப் பார்த்து அவர்களில் பலர் தாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது. அடிவேரோடு சுரண்டுகிற இரும்புக் கருவி கூடாது, கையால் பறிக்க வேண்டும். கீரைக்காரர் கிள்ளி எடுக்கிறாரே, அந்த மாதிரி. விட்ட இடத்தில் திரும்பத் தழைக்கும்.

கடலுக்கு யார் எரு வைப்பது?

கடலில் எல்லா உயிருக்கும் அடிப்படை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. அதைத் தின்னும் சிறு உயிர்கள், அவற்றைத் தின்னும் மத்தி, நெத்திலி, அவற்றைத் தின்னும் சீலா, சூரை என்று சங்கிலி போகிறது. நுண்பாசி வளர இரண்டு வேண்டும்: வெயில், சத்து. வெயில் மேலே இருக்கிறது. சத்தோ செத்த உயிர்களோடு அடியில் போய்த் தங்கிவிடுகிறது. அதனால்தான் கரையை விட்டு வெகுதூரம் போனால் தண்ணீர் பளிங்கு மாதிரி நீலமாக இருக்கும், மீன் கம்மியாக இருக்கும். அது கடலின் பொட்டல்காடு.

கரையோரத்தில் மட்டும் ஏன் மீன் செழிப்பு? அங்கே இரண்டு வழியில் எரு வருகிறது.

முதல் வழி, அடியில் இருந்து. தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் மேல்மட்ட நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்த இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. ஏர் இல்லாமல் நடக்கிற உழவு. அடுத்து வெயில் பட்டதும் நுண்பாசி திரண்டு, அதைத் தேடி மத்திக் கூட்டம் வருகிறது. இந்தத் தாளம் கொஞ்சம் பிசகினால் போதும். கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் கிடைத்தது 3,300 டன் அளவுதான். மத்தி எப்போதுமே ஏறி இறங்குகிற மீன். ஆனாலும் இத்தனை பெரிய பள்ளம் எந்தக் குடும்பத்தையும் உலுக்கிவிடும். நம் சம்பாவில் நூறு மூட்டைக்கு ஒரு மூட்டைகூடத் தேறாத வருஷத்தை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி, கரையில் இருந்து. அது நம் ஆறு.

'வீணான' தண்ணீர் பார்க்கிற வேலை

மழை வெள்ளம் கடலுக்குப் போகும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை. காட்டுச் சருகின் சத்து, வயலின் வண்டல், மணல் எல்லாம் போகின்றன. கிழக்குக் கரையில் கேரளக் கரை போல அடிநீர் பலமாக மேலே வருவதில்லை. அதனால் இங்கே ஆறு கொண்டுபோகிற சத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

சத்தைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. அது நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற கழிமுகம். இதைக் கடலின் நாற்றங்கால் என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே புரியும்.

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டை விடுகிறது. பொரித்த குஞ்சு சில வாரத்தில் நீரேற்றத்தோடு கழிமுகத்துக்குள் நுழைகிறது. உப்புக் குறைந்த, சேறும் வேரும் நிறைந்த அந்த இடத்தில் சில மாதம் ஒளிந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. மடவை கழிமுகத்தில் வளர்ந்து கடலில் முட்டையிடும். கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து முகத்துவாரத்துக்குப் போய் இனம் பெருக்கும். சேற்று நண்டின் தாய் முட்டையைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். இத்தனைக்கும் ஆறும் கடலும் பேசிக்கொள்கிற அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஆற்றில் நீர் வராவிட்டால் அலை கொண்டுவந்து குவிக்கும் மணலால் முகத்துவாரம் தூர்ந்துவிடும். வெள்ளம் வரும்போதுதான் அந்த மணல் திட்டு உடைந்து வழி பிறக்கும். பழவேற்காட்டு மீனவர்கள் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எப்படித் தவிக்கிறார்கள் என்று அடிக்கடி செய்தி பார்க்கிறோம். அடைத்த ஏரியில் இறால் குஞ்சு நுழையாது, படகும் கடலுக்குப் போக முடியாது.

கதவு மூடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் காவிரியே சாட்சி. உல்லம் என்று ஒரு மீன். வங்காளத்தில் இல்சா என்று கொண்டாடுவார்கள். கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும் காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறி, நல்ல தண்ணீரில் முட்டையிடுகிற சாதி. ஒரு காலத்தில் கொள்ளிடத்தில் அது ஏறி வந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளத்தின் அளவும் காலமும் மாறின. காவிரியில் உல்லம் அருகிப் போனது. கங்கையிலும் இதே கதைதான். 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயல்பட ஆரம்பித்தபின் அதற்கு மேலே அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த இல்சா வரத்து விழுந்துவிட்டது. மேட்டூர் இல்லாவிட்டால் டெல்டாவில் இத்தனை நெல் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நெல்லுக்குக் கடலோரத்தில் வேறு சிலர் விலை கொடுத்தார்கள் என்பதும் கணக்கில் ஏற வேண்டும். வரவை மட்டும் எழுதிப் பற்றை விட்டுவிட்டால் அது கணக்கே கிடையாது.

உழவருக்கும் இதில் நேரடி லாபம் இருக்கிறது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்கா கோரையாறு எல்லாம் எங்கள் பக்கமாக வந்து முத்துப்பேட்டைக் காயலில் சேர்கின்றன. ஆற்றில் நீர் ஓடி நிலத்தடியில் ஊறினால் அது கடல்நீரை எதிர்த்து நிற்கும். ஆறு காய்ந்து, நாமும் ஆழ்துளைக் கிணற்றால் உறிஞ்சினால், கடல் நிலத்துக்கு அடியில் உள்ளே வரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும். ஆறு கொண்டுவந்து போடும் மணல் குறைந்தாலும் பாதிப்புதான். கரை அரிக்கும், ஊர் பின்வாங்கும்.

ஆகவே கடலுக்குப் போகிற நீர் மீனை வளர்க்கிறது, முகத்துவாரத்தைத் திறக்கிறது, உப்பைத் தள்ளி நிறுத்துகிறது, கரையைக் காக்கிறது. சம்பளம் வாங்காமல் நாலு வேலை பார்க்கிற ஒருவரை வீண் என்று எப்படிச் சொல்வது?

முறையும் மடியும்

நமக்கு ஏரிப் பாசனத்தில் முறை உண்டு. தண்ணீர் குறைவான வருஷத்தில் யார் வயலுக்கு எந்த நாள் என்று ஊர் கூடி வைத்துக்கொள்வோம். கடலிலும் அது உண்டு. பழவேற்காட்டில் அதற்குப் பெயர் பாடு. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொள்ளாமல், எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று மீனவக் கிராமங்கள் முறை வைத்துச் சுழற்றிக்கொள்கின்றன. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்பதும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு. மோதல் முற்றியபின் பிறந்த முறை அது.

மோதல் ஏன் வந்தது? 1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் இந்தோ–நார்வே திட்டம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து நம் கடல்களில் இழுவைமடி பரவியது. கடல் தரையை வாரி இழுத்துவரும் மடி அது. ஏறுமதி இறாலுக்கு நல்ல விலை இருந்தது. அரசு மானியமும் கிடைத்தது. நம் வயலில் யூரியா வந்த அதே காலத்தில் அங்கே மடி வந்தது. இரண்டும் முதலில் கொட்டிக் கொடுத்தன. பின்னால் தரையை மலடாக்கின.

பழைய வலைகளில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கண்ணளவு உண்டு. சாளை வலையில் சாளை சிக்கும், நண்டு வலையில் நண்டு சிக்கும், குஞ்சு தப்பித்துவிடும். இழுவைமடிக்கு அந்தத் தராதரம் தெரியாது. கடற்புல், சங்கு, குஞ்சு மீன் எல்லாம் சேர்ந்து வரும். விலை போகாத அந்தக் குவியலுக்கு இராமேசுவரத்தில் சங்காயம் என்று பெயர். கோழித்தீவன ஆலைகள் அதை வாங்குகின்றன. விதைநெல்லைக் குத்திக் கோழிக்குப் போடுவது என்றால் இதுதான்.

தமிழ்நாட்டில் 1983-இல் வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் விரிகுடா மாதிரி ஒடுங்கிய, ஆழமில்லாத கடலில் ஒதுக்கியது போக விசைப்படகுக்கு மிச்சம் கொஞ்சம்தான். தரை தேய்ந்துபோன படகு அக்கரை நோக்கிப் போகிறது. அங்கே இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து இப்போதுதான் வலை எடுத்தவர்கள். மடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைத் தடைசெய்தது. அதே ஆண்டில் இங்கே விசைப்படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. படகுக்காரர்களைக் குறை சொல்வது எளிது. டீசலுக்கு வாங்கிய கடனும் படகுக்கு வாங்கிய கடனும் கழுத்தை நெரிக்கும்போது மடியைச் சுருட்டி வைப்பது கஷ்டம். உரக்கடையில் கணக்கு வைத்திருக்கும் உழவர் ஒரே வருஷத்தில் இயற்கை வேளாண்மைக்கு வரத் தயங்குவாரே, அதே தயக்கம்தான். மாறுகிறவருக்கு இடைக்காலத்தில் தோள் கொடுக்க ஆள் வேண்டும்.

நிலத்தைத் தரிசு போடுவதுபோல் கடலுக்கும் ஒரு ஓய்வு வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைமடிக்குத் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001-இல் 45 நாள் என்று ஆரம்பித்து, 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடலும் இருப்பதால் ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். ஒரு ஊருக்குக் குறுவைப் பட்டம், பக்கத்து ஊருக்குச் சம்பாப் பட்டம் மாதிரி.

நம் பக்கத்தில் செய்யக்கூடியது

கடலைக் காப்பாற்ற உழவர் கடலுக்குப் போக வேண்டியதில்லை. நம் வரப்புக்குள் இருந்தே செய்ய வேண்டியவை இருக்கின்றன.

ஒன்று, இரசாயனத்தை விடுவது. யூரியாவும் பூச்சிக்கொல்லியும் வாய்க்கால் வழியாகக் கழிமுகத்துக்குத்தான் போகின்றன. அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்து அங்கே பாசியைக் கண்டபடி பெருக்கும். அது செத்து அழுகும்போது நீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும். நாம் இயற்கை வேளாண்மைக்கு மாறும்போது நம் மண்ணோடு இறால் குஞ்சின் நாற்றங்காலையும் சுத்தம் செய்கிறோம்.

இரண்டு, நீரைச் சிக்கனமாக எடுப்பது. ஒற்றை நாற்று நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது, மூடாக்கு, ஏரி குளத்தைத் தூர்வாருவது எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். மழைநீரைச் சேமிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குளமும் நிரம்பட்டும். அதன்பின் ஆற்றில் ஓடுகிற பங்கைக் கடலின் பங்கு என்று மரியாதையாக விட்டுவிடுவோம். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் போவதற்குக் காரணம் கடல் எடுத்துக்கொள்வது அல்ல. தூர்ந்த வாய்க்காலும் உடைந்த மதகும்தான்.

மூன்று, மீன் அமிலம். இதை நம்மில் பெரும்பாலானோர் செய்கிறோம். மீன்கழிவு ஒரு பங்கு, வெல்லம் ஒரு பங்கு, காற்றுப் புகாமல் மூடி 21 நாள். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி. இதற்கு முழு மீன் தேவையே இல்லை. சந்தையில் வெட்டுகிற இடத்தில் தலை, குடல், செதில் கிடைக்கும். அது போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று சங்காயத்தை மூட்டையாக வாங்கி ஊறவைக்கும் பழக்கம் சில இடங்களில் பார்க்கிறேன். அது குஞ்சு மீன். நம் பயிரைக் காப்பாற்ற இன்னொருவரின் விதையை எடுக்க வேண்டாம். கருவாட்டுக் கழிவும் வேண்டாம், உப்பு மண்ணில் இறங்கும்.

நான்கு, மீன் வாங்குகிறபோது. பருவத்துக் காயைச் சாப்பிடுங்கள் என்று நம் வாடிக்கையாளரிடம் சொல்கிறோம். மீனிலும் அப்படியே இருப்போம். வருஷம் முழுக்க வஞ்சிரமும் இறாலும்தான் வேண்டும் என்று கேட்டால் யாராவது ஒருவர் மடியைப் போட்டு வாரத்தான் செய்வார். அந்தந்தக் காற்றில் வருகிற சாளை, நெத்திலி, காரல், மடவை என்று வாங்கிப் பழகலாம். விலையும் குறைவு. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் முருங்கைக்கீரையும் பருப்பும் இருக்கவே இருக்கிறது. விரலளவு குஞ்சு மீன் தட்டில் இருந்தால் கடைக்காரரிடம் காரணம் கேளுங்கள். இரண்டு பேர் கேட்டால் மூன்றாவது நாள் அது தட்டுக்கு வராது.

கடைசியாக, ஒரு வேண்டுகோள். டெல்டா உழவர் கூட்டங்களுக்கு மீனவர்களையும், மீனவர் கூட்டங்களுக்கு உழவர்களையும் ஒருமுறையாவது அழைக்க வேண்டும். ஒரே ஆற்றின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருக்கிறோம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆற்றில் எவ்வளவு நீர் எந்த மாதம் கடலுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், அவர்களிடம் பதில் இருக்கும். பல தலைமுறையாகக் காற்றையும் நீரையும் பார்த்துக் கணக்கு வைத்திருப்பவர்கள் அவர்கள். வரும் ஆடிப்பெருக்குக்கு முன் உங்கள் வட்டத்தில் அப்படி ஒரு கூட்டம் போடுங்கள். கடைமடையில் இருந்து நான் வருகிறேன். முதல் பேச்சு ஒரு மீனவருடையதாக இருக்கட்டும்.